வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்

“பொன்னாடை வேண்டாம், கேட்டியளா. ஷீல்டும் வேண்டாம். வைக்கதுக்கு எங்ககிட்ட அலமாரி கெடையாது” என்றார் சுஜிதா டீச்சர், போனில்.

பொன்னாடை இல்லாமல் பாராட்டு விழாவா? அவியல் இல்லாமல் கல்யாணப் பந்தி போடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது!

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம் – பாதிப் பேர் படித்துவிட்டு, மீதிப் பேர் படிக்காமல். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது ஒருவரைப் பிடித்து மேடையில் உட்கார வைத்து மரியாதை செய்வோம். இந்த ஆண்டு ஆளுக்குப் பதில் ஒரு பள்ளிக்கூடம். மணவாளக்குறிச்சிக்குப் போகிற ரோட்டோரம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடக்கிறது. பேச்சும் மொழியும் எளிதில் வராத குழந்தைகளுக்கான பள்ளி. இந்தக் குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். மனசில் ஆயிரம் இருக்கும். அது வாய்க்கு வந்து சேருகிற வழியில்தான் எங்கேயோ டிராஃபிக் ஜாம்.

யோசனை எங்கள் செயலாளர் பிரின்ஸுடையது. “எனக்க அக்கா மவன் அங்கதான் படிச்சான். நாலு வயசு வரைக்கும் வெறும் ‘ம்’தான். இப்பம் சாதாரணப் பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸ். நேத்து அக்கா கேக்கா... ‘எலே, இவன் வாய மூட வைக்கதுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டாலே?’” என்றான். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. கமிட்டி கைதட்டி நிறைவேற்றிவிட்டது.

சரி, பொன்னாடையும் வேண்டாம், ஷீல்டும் வேண்டாம் என்றால் வேறு என்னதான் வேண்டும்?

“வரவேற்பு எங்க பிள்ள ஒண்ணு சொல்லட்டும்” என்றார் டீச்சர். “ஒத்த வார்த்ததான். ‘வாங்க’. அவ சொல்லி முடிக்க வரைக்கும் யாரும் வார்த்த எடுத்துக் குடுக்கப்பிடாது. அம்புட்டுதான்.”

“இவ்வளவுதானா டீச்சர்!” என்றேன், அவர் முடிப்பதற்குள்ளேயே.

இவ்வளவுதானா... எங்கள் ஊரிடம் இதைவிடப் பெரிய ஒன்றை யாரும் கேட்டிருக்கவே முடியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் வார்த்தை எடுத்துக் கொடுப்பது ஒரு நல்ல பழக்கம். கிட்டத்தட்ட ஒரு தர்மம். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒரு குழந்தை பைபிள் வசனம் ஒப்பிக்க மேடை ஏறும். பாதியில் நின்றுவிடும். உடனே முன் பெஞ்சு மொத்தமும் அடுத்த வார்த்தையைச் சொல்லும். பின் பெஞ்சு அதற்கடுத்த வார்த்தையைச் சொல்லும். குழந்தை சும்மா நிற்கும். சபை வசனத்தை முடித்துவைக்கும். பரிசு குழந்தைக்குப் போகும். எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தப் பழக்கம் சர்ச்சோடு நிற்பதும் இல்லை. பஸ்ஸில் ஏறி “ஒரு த...” என்றால் போதும், “தக்கலையா?” என்று டிக்கெட் வந்துவிடும். டாக்டரிடம் “வயித்துல...” என்று நோயாளி ஆரம்பித்தால், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர் “வாயுவாட்டு இருக்கும்” என்று முடித்துவைப்பார். அன்புதான். நூறு சதவீதம் அன்புதான்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். வேகம். பேச்சிலும் வேகம், எழுத்திலும் வேகம். ‘உங்கள் பத்தியை வாசித்தால் மூச்சு வாங்குகிறது’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அதே வேகத்தோடு, விழாவுக்கு முந்தின வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மேடை ஏறப்போகிற பிள்ளையை டீச்சர் அறிமுகப்படுத்தினார். அபிஷா. ஆறு வயது. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. நான் அவள் உயரத்துக்குக் குனிந்துகொண்டேன்.

“உன் பேரு என்ன? அபிஷாவா? நல்ல பேரு! சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட, தோசையா? உனக்கு என்ன கலர் பிடிக்கும், சிவப்பா?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் சிரித்துவிட்டார்.

“கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. பிள்ளைக்கு என்னத்த மிச்சம் வச்சிய?”

வாசகர்களே... அந்த இடத்தில் என் வேகத்துக்கு முதல் பிரேக்.

அதன் பிறகு டீச்சர் செய்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு சின்ன டப்பாவில் சோப்புத் தண்ணீர். ஒரு வளையத்தை அதில் முக்கி எடுத்து ஊதினார். அறை முழுக்கக் குமிழ்கள். அபிஷா துள்ளித் துள்ளி எல்லாவற்றையும் உடைத்தாள். கடைசிக் குமிழ் உடைந்ததும் டீச்சர் வளையத்தை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஊதவில்லை. கேட்கவும் இல்லை. ‘என்ன வேணும், சொல்லு, சொல்லு’ என்ற அவசரம் எதுவும் இல்லை. அபிஷாவின் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

நான் நெளிந்தேன். சுவரில் ஒரு பல்லி, தரையிலிருந்து கிளம்பி ஜன்னல் விளிம்புக்கு ஏறிவிட்டது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ‘ஊது, ஊதுன்னு சொல்லு மக்கா!’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அபிஷாவின் உதடு குவிந்தது. விரிந்தது. மறுபடி குவிந்தது.

“ஊ... து.”

குமிழ்கள்!

“நாங்க வாய மூடிக்கிட்டு மொகத்தத் தொறந்து வைப்போம்” என்றார் டீச்சர். “எங்க வேலையில பாதி அதுதான். மீதி இது.” மேசை மேல் ஒரு கட்டு அட்டைகளை எடுத்துப் போட்டார்.

அந்த அட்டைகளுக்கு ஒரு கதை இருக்கிறது. அபிஷாவுக்கு நாலு வயதில் எங்கோ ஓரிடத்தில் பரிசோதனை செய்திருக்கிறார்கள். கடையில் வாங்கின பட அட்டைகள். ஒவ்வொன்றாகக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பது. ஆப்பிள், பியானோ, பனிக்கரடி... அபிஷா எதற்கும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு படம். பனிக்கட்டியால் கட்டின வீடு. இக்லூ. அபிஷாவின் முகம் மலர்ந்திருக்கிறது.

“புட்டு!”

தவறு என்று குறித்துவிட்டார்கள்.

“தேங்காச் சிரட்டையில அவிச்ச புட்டு பாத்திருக்கியள்லா?” என்றார் டீச்சர். “வெள்ளையாட்டு, அர வட்டமாட்டு, இட்டுக் கவுத்தா அப்பிடியேதான இருக்கும்? பிள்ள கண்ணால கண்டதச் சொல்லியிருக்கு. பனி வீட்ட அவ எங்க கண்டா? நானே கண்டது கெடையாது.”

அதன் பிறகுதான் இந்தப் பள்ளியின் டீச்சர்கள் போனை எடுத்துக்கொண்டு சந்தைக்கும் கடற்கரைக்கும் அடுக்களைக்கும் போயிருக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கு, சக்கைப்பழம், நெத்தோலி மீன், முற்றம் கூட்டுகிற வாரியல், கடலுக்குப் போகிற வள்ளம்... பிள்ளைகள் தினமும் பார்க்கிற பொருள்கள். போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, லேமினேட் செய்து அட்டையாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் அந்தப் பொருளுக்கு எந்த வீட்டில் என்ன பெயர் என்று எழுதியிருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் படத்தின் பின்னால் ‘தண்ணி’ என்றும் இருக்கிறது, ‘வெள்ளம்’ என்றும் இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பதற வேண்டாம். எங்கள் மேற்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் அதுதான் பெயர்.

“எதச் சொன்னாலும் செரிதான்” என்றார் டீச்சர். “பிள்ளைக்கு முதல்ல வீட்டுப் பேச்சு வரட்டும். புஸ்தகப் பேச்சு பைய வரும்.”

எத்தனை வீட்டுச் சொற்களை ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று நமக்குத் திருத்தித் திருத்தித் தந்தார்கள்! இங்கே ஒரு பள்ளிக்கூடம், அந்தச் சொற்களையெல்லாம் பிள்ளையின் நாக்குக்கு முதல் படியாகப் போட்டு வைத்திருக்கிறது.

வெளியே வந்தபோது பலா மரத்தடி பெஞ்சில் அபிஷாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஷீபாக்கா. பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களுக்கென்றே போட்ட பெஞ்சு. நான் விழாவைப் பற்றிக் குஷியாகச் சொன்னேன். ஷீபாக்கா குஷியாகவில்லை.

“மக்கா, சனிக்கெழம எனக்கு விழா இல்ல, பரீட்ச.”

“ஏன்க்கா?”

“அவிய மஸ்கட்லருந்து லீவுல வந்திருக்காவ. அடுத்த வாரம் திரும்பணும். போகதுக்கு முன்னால பிள்ளைய இங்கருந்து எடுத்து, வீட்டுப் பக்கத்துல உள்ள இங்கிலீஷ் மீடியத்துல சேத்துட்டுத்தான் போவேன்னு நிக்காவ.”

‘அவிய’ என்றால் கணவர், எட்வின். ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் போய் எண்ணி நாலு வார்த்தைதானே வந்திருக்கிறது என்று அவருக்கு ஆற்றாமை. போதாததற்கு ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

“‘உனக்க மவ அந்த ஊமப் பள்ளிக்கூடத்துலயா படிக்கா?’ன்னு கேட்டுப்போட்டாவ. அன்னைலருந்து அவியளுக்கு ராத்திரி சோறு எறங்கல்ல. பேசுத பிள்ளையளுக்க கூட இருந்தா இவளுக்கும் தன்னால பேச்சு வரும்னு சொல்லுதாவ.”

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“நாப்பது பிள்ளையளுக்கு நடுவுல இவ வாயத் தொறக்கதுக்குள்ள அடுத்த பாடம் வந்துரும், அப்புறம் உள்ளதும் போயி ஒரேயடியா அடங்கிருவான்னு சொன்னாவ. அவிய கேக்கண்டாமா? போன்ல ஒரு நாளாவது எனக்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்காளான்னு திருப்பிக் கேக்காவ. பேசினது இல்லதான். நான் என்ன சொல்ல?”

ஷீபாக்கா கையிலிருந்த சின்னக் குடையை மடக்கி விரித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

“சனிக்கெழம மட்டும் அவ அந்த ஒத்த வார்த்தையச் சொல்லிட்டான்னா...”

பின்னால் வந்து நின்ற டீச்சர் குறுக்கிட்டார். “அப்பிடி நெனைக்காதீங்க ஷீபா. அன்னைக்குச் சொல்லாமப் போனா, பிள்ள தோத்துட்டான்னு ஆயிருமா?”

நியாயம்தான். ஆனால் எட்வின் அண்ணனின் ஃப்ளைட் அந்த நியாயத்துக்காகக் காத்திருக்காதே!

சனிக்கிழமை வந்தது.

ஊர்ச் சமூகக் கூடம் நிறைந்துவிட்டது. வாசலில் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. நான்தான் தொகுப்பாளர். மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக அறிவித்தேன்: “இப்போது ஒரு குழந்தை நம்மை வரவேற்கப் போகிறாள். எவ்வளவு நேரமானாலும் சரி, யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். ப்ளீஸ்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். முன் வரிசையில் லில்லி மாமி – முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினவர், ஊரில் பாதிப் பேருக்கு வசனம் எடுத்துக் கொடுத்து வளர்த்தவர் – கையை நெஞ்சில் வைத்தார். “நான் வாயே தொறக்க மாட்டேன் மக்கா. என்ன நம்பு.”

ஷீபாக்கா இரண்டாவது வரிசையில். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அந்த நாற்காலிக்குரியவர் வரவில்லை. வந்திருந்தார்... ஆனால் உள்ளே வரவில்லை. வாசல் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நானே போய்க் கூப்பிட்டேன்.

“இங்க நிக்கேன். காத்து வருது” என்றார் எட்வின் அண்ணன்.

எப்போது வேண்டுமானாலும் வெளியே போய்விடலாம் என்கிற நிலையில் நிற்கும் ஒருவரிடம் அதற்கு மேல் என்ன சொல்ல?

டீச்சர் அபிஷாவை மேடைக்குக் கூட்டிவந்தார். மைக்கை இறக்கி வைத்தார். கையை விட்டார். மேடை விளிம்பில் போய், அவள் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டார்.

ஃபேன் சத்தம் மட்டும்.

அபிஷா கூட்டத்தைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. கைகள் கும்பிட்டிருந்தன. உதடு ‘வா’வுக்குத் தயாராவது எனக்கே தெரிந்தது. வா... சொல்லிவிடு, வா...

அவள் கண் வாசலில் போய் நின்றது. கைகள் பிரிந்தன. உதடு மாறியது.

“இ...”

இ-யா? ‘வாங்க’வில் இ எங்கே இருக்கிறது?

“இ... இ...”

கூட்டம் எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல், பாசத்தோடு: “இனிய மாலை வணக்கம்!” இன்னொரு மூலையிலிருந்து: “இங்க வந்திருக்கிற...!” என் பக்கத்தில் நின்ற பிரின்ஸ், கமிட்டிச் செயலாளர், கண்டிஷனைக் கமிட்டியில் முதலில் ஒப்புக்கொண்டவன்: “இந்த விழாவுக்கு...” ஓங்கி அவன் காலை மிதித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே லில்லி மாமியின் பழகின கணீர்க் குரல்: “இயேசுவின் இனிய நாமத்துல!” சொல்லி முடித்த மறுவினாடி மாமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

என் நாக்கு நுனியிலும் ‘இன்று’ இருந்தது. சொல்லாமல் போனது பிரின்ஸின் காலை மிதிப்பதில் மும்முரமாக இருந்ததால்தான்.

அபிஷாவின் வாய் மூடிக்கொண்டது. தலை குனிந்தது.

ஷீபாக்கா கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் எட்வின் அண்ணன் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஓட்டு வீடும், பலா மரத்தடி பெஞ்சும், சோப்புக் குமிழும் அபிஷாவுக்கு இத்தோடு முடிந்தன.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஓடிப் போய் அணைத்துக்கொள்ளவில்லை. அதே இடத்தில், அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிரே உலகத்திலேயே சுவாரசியமான ஒரு ஆள் நிற்கிறார், அவர் பேசப்போகிறார் என்பது மாதிரி.

லில்லி மாமி நாற்காலியிலிருந்து எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். உதட்டில் விரல் வைத்து, முப்பது வருஷ ஞாயிறு பள்ளிக் கண்களால் வரிசை வரிசையாக ஒரு முறை முறைத்தார். கூடம் மூச்சை அடக்கிக்கொண்டது.

வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. ஆளை இறக்கியது. விசில் ஊதிக் கிளம்பிப் போயும் விட்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

அபிஷா தலையை நிமிர்த்தினாள். கையை நீட்டினாள். வாசலை நோக்கி.

“அப்பா.”

எட்வின் அண்ணன் திரும்பினார்.

“அப்பா... இரி.”

எங்கள் பக்கத்தில் ‘இரி’ என்றால் உட்கார். மொத்தக் கூடமும் நாற்காலி கிறீச்சிட வாசலைப் பார்த்தது. அவருக்கென்று பிடித்து வைத்த நாற்காலி இரண்டாவது வரிசையில், தூரத்தில் இருந்தது. அவர் அதைத் தேடவில்லை. நின்ற இடத்திலேயே, சுவரில் முதுகு உரச, அப்படியே சறுக்கி இறங்கி உட்கார்ந்துவிட்டார். செருப்புக் குவியலுக்கு நடுவில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு.

“அப்பாவப் பாத்து ‘இரி’யா? ‘இரிங்க’ன்னு சொல்லப்பிடாதா குட்டி...” என்று முணுமுணுத்துக்கொண்டே லில்லி மாமி கண்ணைத் துடைத்தார்.

அப்பா ஒழுங்காக உட்கார்ந்துவிட்டாரா என்று அபிஷா எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அதன் பிறகு, கையைக் கூப்பி, அரை மணி நேரமாக உட்கார்ந்தே இருக்கிற கூட்டத்தைப் பார்த்து – “வாங்க” என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

கைதட்டல் எப்போது ஆரம்பித்தது, எப்போது ஓய்ந்தது என்று எனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் மேடையில் நின்ற நிலையில், தொகுப்பாளருக்கே யாராவது வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று யாரும் நீளமாகப் பேசவில்லை. சிறப்புரை சிறிய உரையானது. வாழ்த்துரைகள் இரண்டு வரியில் முடிந்தன. நாஞ்சில் நாட்டு மேடைகளை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று புரியும்! பொன்னாடைக்குப் பதிலாக எங்கள் வட்டத்தினர் எடுத்த போட்டோக்களை அட்டைகளாக்கிப் பள்ளிக்குக் கொடுத்தோம். மட்டிப்பழக் குலை, மண்டைக்காட்டுக் கோயில் கொடைவிழாக் கடைகளில் தொங்கும் வளையல்கள், உப்பு மூட்டை, மீன் கூடை... வட்டக்கோட்டைப் படத்தில் மட்டும் ஓரத்தில் பிரின்ஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வருங்காலத்தில் ஏதாவது ஒரு பிள்ளை அந்தக் கோட்டையை ‘பிரின்ஸ்’ என்று சொன்னால், அதையும் சரி என்றே குறித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

விழா முடிந்து சாயாவும் முந்திரிக்கொத்தும் கொடுத்துக்கொண்டிருந்தோம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுவரைக்கும் அவ ரெண்டு வார்த்தையச் சேத்துச் சொன்னது கெடையாது. ‘வாங்க’ நாங்க படிச்சுக் குடுத்தது. ‘அப்பா இரி’ அவளுக்க சொந்தம். ஒரு ஆளக் கூப்புட்டு, அவருக்கு ஒரு சங்கதி சொல்லியிருக்கா பாருங்க...” முடிக்க முடியவில்லை அவரால். நானும் முடித்துவைக்கவில்லை.

எட்வின் அண்ணன் வந்தார். சட்டையின் பின்பக்கம் சுவரின் சுண்ணாம்பு. தட்டிவிடவில்லை.

“டீச்சர்... அவ ஏன் என்ன இரிக்கச் சொன்னா?”

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயை மூடி, முகத்தைத் திறந்து.

எட்வின் அண்ணன் கையிலிருந்த சாயா கிளாஸைச் சுழற்றினார். “போன்ல நான்... எப்பளும் நின்னுக்கிட்டுத்தான் பேசுவேன். நடந்துக்கிட்டே. சைட்ல பிரேக் கொஞ்ச நேரந்தான் கிட்டும். ‘சாப்ட்டியா மோளே, படிச்சியா மோளே, சமத்தாட்டு இரி’ன்னு நானே மடமடன்னு... அவ மொகம் தெரியும். வாய் அனங்கும், என்னமோ சொல்ல வரும். அதுக்குள்ள ‘செரி, வைக்கட்டா’ன்னு நான்...”

எட்வின் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

“திங்கக்கெழம பள்ளிக்கூடம் உண்டுல்லா?”

“உண்டு.”

“நான் கொண்டு விடுதேன்.”

பக்கத்தில் ஷீபாக்கா முந்திரிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். குரலில் ஒரு குறும்பு. “எந்தப் பள்ளிக்கூடத்துக்கு? இங்கிலீஷ் மீடியத்துக்கா?”

“ஏட்டி, உனக்க நாக்கு இருக்கே...”

“நல்ல நாக்குதான். மவளுக்கும் எனக்க நாக்கு. அதான் அத்தன பேரு முன்னாடி உங்கள இரிக்க வச்சிட்டா.”

அவர் சிரித்தார். அன்று முதன்முதலாக.

இந்த வாரப் பத்தியை நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஓட்டு வீட்டில் வேலை பார்க்கும் டீச்சர்களுக்கு நன்றி. இக்லூவைப் புட்டு என்று சொன்ன பிள்ளையைச் சரி என்று சொன்னதற்கு. வீட்டு வார்த்தைக்கு அட்டையின் பின்பக்கம் இடம் கொடுத்ததற்கு. பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களிடம் பொய்யான நம்பிக்கை எதையும் விற்காததற்கு. எல்லாவற்றையும்விட, ஒரு பிள்ளை வாயைத் திறக்கும் வரைக்கும் தங்கள் வாயை மூடி வைத்திருக்கிற அந்தப் பெரிய வேலைக்கு. யோசித்துப் பாருங்கள்... நம் வீடுகளில் எத்தனை ‘இ’ இப்படி அரைகுறையாக நின்றிருக்கும்? நாம் ‘இனிய மாலை வணக்கம்’ என்று சந்தோஷமாக முடித்துவைத்துவிட்டுப் போயிருப்போம். அங்கே ஒருவர் ‘இரி’ என்று சொல்ல வந்திருப்பார்.

திங்கட்கிழமை எட்வின் அண்ணனே அபிஷாவைப் பள்ளியில் கொண்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க அம்மாக்களின் பெஞ்சில் ஒரே ஒரு அப்பாவாக உட்கார்ந்திருந்தாராம். பிள்ளை அங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஃப்ளைட் ஏறினார்.

நேற்று ஷீபாக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே போனபிறகு அண்ணன் அபிஷாவைக் கூப்பிட்டாரா என்று கேட்டேன்.

“கூப்ட்டாவ. ரூம்ல கட்டில்ல இருந்துக்கிட்டு கூப்ட்டாவ. ரொம்ப நேரம்.”

“அபிஷா பேசினாளா?”

“இல்ல.”

“அண்ணன்?”

“அவியளும் பேசல்ல.”

“அப்புறம் ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் என்னதான்க்கா பண்ணினாங்க?”

“மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாவ. அவ ஒண்ணும் சொல்லல்ல மக்கா... ஆனா அவிய போன வைக்கவும் இல்ல.”

சமீபத்தில் நான் கேள்விப்பட்டதிலேயே நல்ல போன் பேச்சு இதுதான்.